டிராவலுக்கும் ட்ரெக்கிங்குக்கும் ஒரே பேக்: நான் மூணு தடவை காசு விட்டு கத்துக்கிட்டது

மூணு வருஷத்துல மூணு பேக் வாங்கிட்டேன். மொத ரெண்டும் தண்டம். முதல்ல வாங்குனது 65 லிட்டர், ஆன்லைன்ல பாதி விலைன்னு போட்டிருந்தான், ராத்திரி பதினொன்றரைக்கு ஆர்டர் போட்டேன். அதைத் தூக்கிக்கிட்டுத்தான் உத்தரகாண்ட்ல இருக்க கேதார்காந்தா பனிமலைக்கு ட்ரெக் போனேன். கோயம்புத்தூர்ல இருந்து டெல்லி ஃப்ளைட், அங்கேருந்து டேராடூன் பஸ், டேராடூன்ல இருந்து சாங்க்ரி கிராமம் வரைக்கும் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் மலை ரோடு. ட்ரெக் ஆரம்பிச்ச மொத நாள், ஜூடா கா தாலாப் கேம்ப்புக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டு தோள்பட்டையிலயும் தோல் சிவந்து கன்னிப்போச்சு. பேக்கோட பெல்ட் இடுப்புல உக்காரவே இல்ல, தொப்புளுக்கு மேல வந்து வயித்த இறுக்குது. கூட வந்த பையன் "அண்ணா, உங்க பேக் உங்க சைஸே இல்ல"ன்னு சொன்னப்பதான் பேக்குக்கு சைஸ்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியும்.

ரெண்டாவது அதுக்கு நேர் எதிர். ஆபீஸ் லேப்டாப் பை மாதிரி ஒரு 30 லிட்டர். ஊர் சுத்த சூப்பர், மலை ஏற உதவாது. இப்ப வச்சிருக்க மூணாவதுதான் ரெண்டுக்கும் ஓடுது. நீங்க மொத தடவையே இங்க வந்து நிக்கணும்னுதான் இதை எழுதறேன்.

1. மொதல்ல போற ஊரை எழுதுங்க, லிட்டர் அப்புறம்

எல்லாரும் கேக்குற மொத கேள்வி "எத்தனை லிட்டர் வாங்கலாம்?" அதைக் கடைசியா கேளுங்க. ஒரு பேப்பர்ல அடுத்த ஒரு வருஷத்துல நீங்க நிஜமாவே போகப்போற இடங்களை எழுதுங்க. ஆசைப்படுற இடம் இல்ல, போகப்போற இடம்.

வெள்ளியங்கிரி மாதிரி ராத்திரி ஏறி காலையில இறங்குற மலைன்னா 15-20 லிட்டர் தாராளம். தண்ணி, ஒரு ஸ்வெட்டர், டார்ச், பிஸ்கட், முடிஞ்சது. தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபர்ல ஆரம்பிச்ச 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்துல 40 பாதை இருக்கு, அதுல பெரும்பாலானது போயிட்டு அன்னைக்கே திரும்புறதுதான். இதுக்கு மட்டும்னா பெரிய பேக் வேண்டவே வேண்டாம்.

ரெண்டு மூணு நாள் மூணாறு, கொடைக்கானல்னு ஹோம்ஸ்டேல தங்கி நடுவுல ஒரு மலை ஏறுறது, இல்ல ஒரு வாரம் பத்து நாள் ட்ரெயின்ல வடக்க சுத்தறதுன்னா 35-45 லிட்டர். இமயமலை ட்ரெக்ல ஏற்பாடு பண்றவங்களே டென்ட், ஸ்லீப்பிங் பேக், சாப்பாடு எல்லாம் குடுத்துடுவாங்க, நீங்க தூக்கறது துணிமணி மட்டும்தான், அதுக்கும் பனிக்காலத்துலகூட 45-50 போதும். டென்ட், அடுப்பு எல்லாம் நீங்களே தூக்கிட்டுப் போற ஆளா இருந்தாதான் 60க்கு மேல போகணும், அப்படிப்பட்ட ஆளுக்கு இந்தக் கட்டுரையே தேவைப்படாது.

ஆக ரெண்டுக்கும் ஒரே பேக்னா 40 லிட்டர், ரெண்டு மூணு கூடக்குறைய. என் அனுபவத்துல பேக்ல இடம் இருந்தா கை சும்மா இருக்காது. 65 லிட்டர்ல நான் ரெண்டு ஜீன்ஸ் போட்டு எடுத்துட்டுப் போனேன். பனிமலைக்கு ஜீன்ஸ்!

2. முதுகை அளங்க (இதை மட்டும் தாண்டாதீங்க)

இதுக்கு உங்க உயரம் கணக்கே இல்ல. நான் 5 அடி 10, ஆனா எனக்கு காலுதான் நீளம், முதுகு 17 இன்ச்தான். என் மச்சான் 5 அடி 6, அவருக்கு 18. சைஸே பாக்காம, என் முதுகுக்குப் பெரிசா இருக்கறதை வாங்குனதுதான் என் மொத தப்பு.

தையக்காரர் வச்சிருக்க இன்ச் டேப் ஒண்ணு எடுங்க, வீட்ல யாரையாவது கூப்பிடுங்க, தனியா அளந்தா தப்பா வரும். தலையைக் குனிஞ்சா பிடரிக்குக் கீழ ஒரு எலும்பு துருத்திக்கிட்டு கைக்குத் தட்டுப்படும், அதுதான் ஆரம்பம். அப்புறம் ரெண்டு கையையும் இடுப்பு எலும்பு மேல வச்சு, கட்டைவிரல் ரெண்டும் பின்னாடி முதுகுத்தண்டைப் பாக்குற மாதிரி நீட்டுங்க. ரெண்டு கட்டைவிரலுக்கும் நடுவுல ஒரு கோடு போட்டா முதுகுத்தண்டுல எங்க படுதோ அது முடிவு. இந்த ரெண்டுக்கும் நடுவுல உள்ள நீளம்தான் உங்க சைஸ். டேப் முதுகோட வளைவு கூடவே ஒட்டிப் போகணும், அந்தரத்துல இழுத்துப் பிடிக்கக் கூடாது.

பொதுவா 16-லேர்ந்து பதினேழரை இன்ச் வரைக்கும் ஸ்மால், 18-லேர்ந்து பத்தொன்பதரை மீடியம், 20க்கு மேல லார்ஜ். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், அதனால அவங்கவங்க சைஸ் சார்ட்ட பாருங்க. சில பேக்ல முதுகுப் பகுதியை வெல்க்ரோவ பிரிச்சு மேல கீழ ஏத்தி இறக்கலாம். மொத பேக்னா நான் அதைத்தான் சொல்வேன், வீட்ல தம்பி தங்கச்சி கேட்டாலும் மாத்திக் குடுத்துடலாம்.

பெண்களுக்குன்னு தனி மாடல் வருதே, அது கலரு மட்டும் மாத்தி விக்கிற வேலைன்னு நெனச்சிருந்தேன். இல்ல. தோள் பட்டை நெருக்கமா இருக்கும், இடுப்பு பெல்ட்டோட வளைவு வேற. டாய்ட்டர் பிராண்ட்ல எஸ்எல்னு போட்டு வர்றது, ஆஸ்ப்ரே பிராண்ட்ல ஃபார்பாயின்ட் மாடலுக்கு ஜோடியா வர்ற ஃபேர்வியூ, இதெல்லாம் அந்த வகைதான். ஒல்லியான, தோள் குறுகலான ஆம்பளைங்களுக்கும் இது நல்லாவே உக்காரும், யாரும் வந்து கேக்கப்போறதில்ல.

3. ஹிப் பெல்ட்: இதுலதான் ஏமாத்துவாங்க

நல்ல பேக்னா எடையில பெரும்பகுதி இடுப்புல இறங்கணும், தோள்பட்டை சும்மா பேக் பின்னாடி சாயாம பிடிச்சுக்கிட்டா போதும். ஆனா நிறைய டிராவல் பேக்ல இடுப்புல ஒரு நாடா மட்டும் தச்சு விட்டிருப்பான். பஞ்சு வச்சு பட்டையா, கையால மடக்குனா கொஞ்சம் விறைப்பா இருக்கறதுதான் பெல்ட். வெறும் நாடா பேக் ஆடாம இருக்கத்தான் உதவும், எடையைத் தாங்காது. என் ரெண்டாவது பேக் இப்படித்தான், போட்டோல பாக்க பெல்ட் மாதிரியே இருந்துச்சு.

பெல்ட்டோட நடுப்பகுதி இடுப்பு எலும்பு மேல உக்காரணும். வேட்டி கட்டுற இடம்னு வச்சுக்கங்க, தொப்பை மேல இல்ல. முழுசா இறுக்குனப்புறமும் இன்னும் இழுக்க கொஞ்சம் நாடா மிச்சம் இருக்கணும், ஏன்னா மலையில நாலு நாள் நடந்தா இடுப்பு கொஞ்சம் இளைக்கும்.

4. எப்படித் திறக்குதுன்னு பாருங்க

மலைக்குன்னு செய்யுற பேக் மேல வாய் வச்ச சாக்கு மாதிரி, கயிறு இழுத்து மூடுறது. அடியில இருக்க சாக்ஸ் வேணும்னா எல்லாத்தையும் வெளிய கொட்டணும், ட்ரெயின்ல சைடு லோயர்ல உக்காந்துக்கிட்டு இதைப் பண்ணிப் பாருங்க தெரியும். டிராவலுக்குன்னு செய்யுறது சூட்கேஸ் மாதிரி முழுசா பிளந்து திறக்கும், அதுல ஜிப் நீளம், மழைத்தண்ணி உள்ள போக வழியும் நீளம்.

ரெண்டுக்கும் ஒண்ணுன்னா, மேல வாயும் இருந்து முன்னாடியோ பக்கத்துலயோ ஒரு நீள ஜிப்பும் இருக்குற மாதிரி பாருங்க. ஜிப்ல ரெண்டு ரன்னர் இருந்து, சின்னப் பூட்டு போடுற மாதிரி ஓட்டை இருந்தா ட்ரெயின்ல நிம்மதியா தூங்கலாம்.

சைடு பாக்கெட்டை அலட்சியமா விடாதீங்க. நீலகிரி, கொடைக்கானல்ல பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்குத் தடை, வெள்ளியங்கிரி அடிவாரத்துல பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கான்னு பாத்துத்தான் விடுறாங்க. அப்ப நீங்க தூக்கப்போறது ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில். உங்க பாட்டிலை கடைக்கே எடுத்துட்டுப் போய் அந்த பாக்கெட்ல போட்டு, பேக்கை மாட்டிக்கிட்டு, கழட்டாம கையை வளைச்சு எடுத்துத் திரும்ப வைக்க முடியுதான்னு பாருங்க. என் மொத பேக்ல எடுக்க முடியும், திரும்ப வைக்க பக்கத்துல இருக்கவனக் கூப்பிடணும்.

முதுகுல வலை மாதிரி கட்டி காத்து போற டிசைன் ஒண்ணு இருக்கு. நம்ம ஊரு வேர்வைக்கு அது நல்லா இருக்கும்தான், ஆனா பேக்கோட உள்பக்கம் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சுடும், மடிச்ச துணி, லேப்டாப் எதுவும் ஒழுங்கா உக்காராது. மலை ஜாஸ்தி போறவங்க எடுங்க, ஊர் சுத்தறது ஜாஸ்தின்னா வேண்டாம்.

5. ஃப்ளைட் கணக்கு

நம்ம ஊர் உள்நாட்டு விமானத்துல கேபின் பேக் பொதுவா 7 கிலோ, 55 x 35 x 25 செ.மீ. 40 லிட்டர் பேக் இதுல ஒண்டும், 45 தாண்டுனா நீளம் இடிக்கும். பேக் மேல போட்டிருக்க லிட்டரை நம்பாதீங்க, டேப் வச்சு நீளத்தை அளங்க.

எடையிலதான் நிறைய பேர் மாட்டறாங்க. காலி பேக்கே 1.6 கிலோன்னா உங்களுக்கு மிச்சம் 5.4 கிலோதான். அதுல ஷூ ஒரு கிலோ போச்சு. அதனால வாங்குறப்பவே காலி எடை என்னன்னு பாருங்க. 40 லிட்டருக்கு ஒண்ணேகால்ல இருந்து ஒன்றரை கிலோ வரைக்கும் சரி. ஒரு கிலோவுக்குக் கீழ உள்ளதுல பெரும்பாலும் பெல்ட்டையும், பேக்கை விறைப்பா நிறுத்துற ஃப்ரேமையும்தான் குறைச்சிருப்பான். கனமான ஷூவை காலுல போட்டுக்கிட்டு, ஜாக்கெட்டை உடம்புல மாட்டிக்கிட்டு ஏறுங்க, அதெல்லாம் எடையில வராது.

ட்ரெக்கிங் கம்பு, கத்தி வச்சிருந்தா செக்-இன்ல போடணும். பவர் பேங்க் அதுக்கு நேர் எதிர், கேபின்ல மட்டும்தான். அடுப்புக்கு வர்ற சின்ன கேஸ் சிலிண்டரை ரெண்டுலயுமே கொண்டு போக முடியாது, போற ஊர்ல வாங்கிக்கங்க.

செக்-இன்ல போட்டா தொங்குற ஸ்ட்ராப்தான் பெரிய ஆபத்து. என் 65 லிட்டர் பெல்ட்டோட பக்கிள் கன்வேயர்ல எங்கயோ மாட்டி உடைஞ்சு வந்துச்சு. நான் அதை கவனிக்காம வெளிய வந்துட்டேன், மறுநாள் போன் பண்ணா "ஏர்போர்ட்டை விட்டு வெளிய போறதுக்கு முன்னாடி கவுன்டர்ல எழுதிக் குடுத்திருக்கணும் சார்"னு முடிச்சுட்டாங்க. அதனால கன்வேயர்ல பேக் வந்ததும் அங்கேயே நின்னு பக்கிள், ஜிப், கைப்பிடி மூணையும் பாருங்க, உடைஞ்சிருந்தா பிஐஆர்னு ஒரு ரிப்போர்ட் போடுவாங்க, அதை வாங்காம நகராதீங்க. ஸ்ட்ராப்பை உள்ள தள்ளி ஜிப் போட்டு மூடுற மாடல் இருந்தா இந்தத் தொல்லையே இல்ல. இல்லாட்டி நான் பண்றது, பெரிய சாக்கு ஒண்ணுல பேக்கைப் போட்டு வாயைத் தச்சு விட்டுடறது. பாக்க அசிங்கமா இருக்கும், ஆனா என் பேக்தான்னு தூரத்துலயே தெரியும்.

6. துணி, ஜிப், மழை

துணியை நெய்யுற நூலோட கனத்தை டினியர்னு சொல்வாங்க. 210 டினியர் லேசு, 420-லேர்ந்து 600 வரைக்கும் முரடு. பஸ் மேல போடறது, பாறையில உரசறதுன்னா அடிப்பகுதி மட்டுமாவது முரட்டுத் துணியா இருக்கட்டும். ஜிப் ஒய்கேகே (YKK) கம்பெனியோடதா இருந்தா ஒரு கவலை கம்மி, ரன்னர்லயே எழுத்து பொறிச்சிருக்கும்.

'வாட்டர் ப்ரூஃப்'னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க. தையல் இருக்க இடமெல்லாம் தண்ணி இறங்கும். ரெயின் கவரும் முழு பாதுகாப்பு இல்ல, முதுகுப் பக்கம் அது மூடாது, நீங்க நனைஞ்சா முதுகு வழியா இறங்குற தண்ணி நேரா பேக்குக்குத்தான் போகும். உள்ள ஒரு கனமான பெரிய பிளாஸ்டிக் பையைப் போட்டு, அதுக்குள்ள துணிய வச்சு வாயை முறுக்கிக் கட்டுங்க. உரச்சாக்குக்குள்ள வர்ற பிளாஸ்டிக் உறையைக் கழுவிக் காயவச்சதுதான் நான் ரெண்டு வருஷமா வச்சிருக்கேன், ஜூலை மாச மூணாறு மழையில ஒரு சாக்ஸ்கூட நனையல. பிளாஸ்டிக் செக் பண்ற மலைன்னா மட்டும் அதை வீட்ல வச்சுட்டு ரோல் பண்ணி மூடுற துணி ட்ரை பேக் எடுத்துட்டுப் போங்க.

7. கடையில கூச்சப்படாம பண்ண வேண்டியது

காலி பேக் எல்லாமே மாட்டுனா சுகமாத்தான் இருக்கும். எடை போட்டுப் பாக்கணும். டெகாத்லான் மாதிரி பெரிய கடைன்னா அங்கயே இருக்க டம்பெல்லைத் துணியில சுத்தி உள்ள வைக்கலாம், சின்னக் கடைன்னா ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில் நாலு கையோட கொண்டு போங்க. 7-8 கிலோ வரணும்.

எல்லா ஸ்ட்ராப்பையும் தளர்த்திட்டு மாட்டுங்க. மொதல்ல இடுப்பு பெல்ட், எலும்பு மேல வச்சு இறுக்குங்க. அப்புறம் தோள் பட்டை, ஒட்டுற அளவு மட்டும். அடுத்து தோளுக்கு மேல இருந்து பேக்குக்குப் போற சின்ன நாடா, லோட் லிஃப்டர்னு பேரு, அதை லேசா இழுங்க, அது கிட்டத்தட்ட 45 டிகிரி சாய்வுல மேல போகணும். கடைசியா நெஞ்சுப் பட்டை, மூச்சு முட்டாம. வரிசையை மாத்துனீங்கன்னா நல்ல பேக்கும் மோசமா தோணும்.

அப்படியே கால் மணி நேரம் கடைக்குள்ள சுத்துங்க, படி ஏறி இறங்குங்க, குனிஞ்சு ஷூ லேஸ் கட்டுங்க. தோள் மேல பட்டைக்கும் தோளுக்கும் நடுவுல விரல் நுழையுற சந்து இருந்தா பேக் உங்களுக்கு நீளம். பெல்ட் வயித்துக்கு ஏறுச்சுன்னா பேக் குட்டை, இல்ல நான் பண்ண மாதிரி பட்டைய அளவுக்கு மேல இறுக்கி பேக்கையே மேல தூக்கிட்டீங்க. சேல்ஸ் தம்பி ஒரு மாதிரி பாப்பான், பாத்துட்டுப் போகட்டும்.

8. காசு, பில், எப்ப வாங்கறது

நான் பாத்த வரைக்கும் 40-50 லிட்டர்ல ட்ரைபோல், ட்ராவாக் மாதிரி உள்ளூர் பிராண்ட் ரெண்டாயிரத்துல இருந்து நாலாயிரத்துக்குள்ள, டெகாத்லானோட ஃபோர்க்ளாஸ் வரிசை அதுக்கு மேல, வெளிநாட்டு பிராண்ட் பத்தாயிரத்தைத் தாண்டும். வருஷத்துக்கு ஒரு ட்ரிப் போறவங்களுக்கு பத்தாயிரம் வீண். ஆனா ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு 60 லிட்டர்னு வர்றதையும் தொடாதீங்க, அதுல தோள் பட்டை தையல்தான் மொதல்ல போகும். என் கணக்கு: மொத ரெண்டு பேக்குக்கு 4,300 ரூபாய், மூணாவதுக்கு 5,200. நேரா மூணாவதையே வாங்கியிருந்தா அந்த 4,300ல ஒரு நல்ல ஷூ வந்திருக்கும்.

ரெயின் கவர் கூட வருதான்னு கேளுங்க, தனியா வாங்குனா நானூறு ஐநூறு எக்ஸ்ட்ரா. ஒரே ஒரு ட்ரெக் மட்டும்தான் போறீங்கன்னா வாங்கவே வாங்காதீங்க, சாங்க்ரி மாதிரி ட்ரெக் ஆரம்பிக்கிற ஊர்கள்ல பேக் வாடகைக்குக் கிடைக்கும். தோள்ல தூக்க முடியாதவங்க கோவேறு கழுதைல பேக்கை ஏத்தி விடலாம், ஆனா அதுக்குத் தனி காசு, வழக்கமா 9-10 கிலோ வரைக்கும்தான் எடுப்பாங்க, சக்கரம் வச்ச சூட்கேஸ்னா தொடவே மாட்டாங்க.

பில்லை மெயில்ல வச்சுக்கங்க, உள்ள தச்சிருக்க லேபிளையும் ஒரு போட்டோ எடுத்துடுங்க, வாரன்டி கேக்கறப்ப மாடல் நம்பர் கேப்பாங்க. வாரன்டின்னா பொதுவா தயாரிப்புக் கோளாறுக்கு மட்டும்தான், தேய்மானம், ஏர்லைன் உடைச்சது எதுவும் வராது. ஆன்லைன்ல வாங்குனா டேக்கைக் கிழிக்காம வீட்டுக்குள்ளயே அஞ்சு கிலோ அரிசிப் பையைப் போட்டு டெஸ்ட் பண்ணுங்க, டேக் போச்சுன்னா திருப்பி எடுக்க மாட்டான்.

கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடி கையில இருக்கணும். டிசம்பர் பனி ட்ரெக்னா தீபாவளி ஆஃபர்ல வாங்குறது சரியான டைமிங், மாத்தணும்னாலும் நேரம் இருக்கும். நான் கிளம்புறதுக்கு நாலு நாள் முன்னாடி பார்சலைப் பிரிச்சேன், சைஸ் தப்புன்னு தெரிஞ்சிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது.

9. கிளம்புறதுக்கு முன்னாடி, வந்தப்புறம்

ட்ரெக்குக்கு ஒரு வாரம் முன்னாடி எடையோட தினமும் அரை மணி நேரம் நடங்க, மொட்டை மாடியில நடந்தாலும் சரி. பல நாள் ட்ரெக்னா உடம்பு எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல தூக்காதீங்க, 65 கிலோ ஆளுக்கு 13 கிலோ. கனமானதை நடுவுல முதுகை ஒட்டி வைங்க, ஸ்வெட்டர் மாதிரி லேசானது அடியில.

ஆதார், பர்மிட் பிரிண்ட், மெடிக்கல் சர்டிஃபிகேட் மூணும் ஒரு ஜிப் கவர்ல போட்டு பேக் மூடியில இருக்க பாக்கெட்ல. செக்போஸ்ட்ல மழையில நின்னுக்கிட்டு அடியில கைய விட்டுத் துழாவுற ஆளா இருக்காதீங்க, பின்னாடி நிக்கிறவங்க திட்டுவாங்க.

திரும்பி வந்ததும் வாஷிங் மெஷின்ல போடாதீங்க, உள்பக்கப் பூச்சு உரிஞ்சுடும். சோப்புத் தண்ணில துணிய நனைச்சுத் துடைச்சு, நிழல்ல ரெண்டு நாள் எல்லா ஜிப்பையும் திறந்து தலைகீழா தொங்க விடுங்க. ஈரத்தோட பரண்ல போட்டா அந்தப் பூச்சு பிசுபிசுன்னு பலாப்பழப் பால் மாதிரி ஆயிடும், அப்புறம் வாடை போகாது. என் 65 லிட்டர் அப்படித்தான் ஆச்சு. அதை அம்மா இப்ப தேங்காய் போட்டு வைக்க எடுத்துக்கிட்டாங்க, முப்பது தேங்காய் புடிக்குது.